நான்கு கம்பிகளும் ஒரு சிவப்பு நூலும்

பேஸ் கிடாருக்குக் கம்பி வாங்குவதில் ஏமாந்த மாதிரி நான் வேறெதிலும் ஏமாந்ததில்லை என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நிக்கோபாரில் கச்சால் தீவில் இருந்தபோது ஒரு செட் கம்பி ஒரு வருடம் தாங்கும். அங்கே நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அந்தக் கிடாரும் இல்லை, வீடும் இல்லை. அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. பால் வெட்டுவதற்கு ஆள் இருந்ததால் என்னைக் கொட்டகையில் போட்டார்கள். பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்து சீட்டாக எடுக்கும் வேலை. போர்ட் பிளேரில் ஒரு பாட்டுக் கோஷ்டி கலைந்தபோது அவர்களுடைய பேஸ் கிடாரை வாங்கினேன். இங்கே இருந்த கோயில் கோஷ்டியிலும் சேர்ந்துகொண்டேன்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது குசலம் விசாரித்தால்கூட என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் போய்விடுவார். பேஸ் வாசிப்பவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மேடையில் பின்னால் நின்றால் போதும். பாடுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் என் கம்பி அதிர்வது அவர்கள் நெஞ்சில் கேட்கும். ஊரோடு நான் பேசுவது அவ்வளவுதான்.

இங்கே வந்தபின் எந்தக் கம்பியும் பதினைந்து நாளுக்கு மேல் நிற்கவில்லை. முதல் வாரம் கணீரென்று இருக்கும். அடுத்த வாரம் மங்கும். அந்த வாரம் முடிவதற்குள் கம்பி கறுத்துச் சொரசொரவென்று ஆகி, ஈரச் சாக்கைத் தட்டியது மாதிரி சத்தம் வரும். பழைய கம்பியைச் சோற்றுப்பானையில் போட்டுக் கொதிக்கவைத்தால் இரண்டு நாளுக்கு உயிர் வரும். அதையும் செய்தேன். என் மனைவி அந்தப் பானையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

முதல் சந்தேகம் போர்ட் பிளேர் கடைக்காரன் மேல். மெயின்லேண்டில் விலைபோகாத டூப்ளிகேட் எல்லாம் கப்பலேறி இங்கே வந்துதானே விற்கிறது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பாக்கெட்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் கடைக்காரன் பில் போட்டுவிடுவான். கம்பித் தடிமனின் எண் மட்டும் தெரியும். நாற்பத்தைந்திலிருந்து நூற்றைந்து வரை போகும் செட்தான் என் விரலுக்குச் சரி. மற்றதையெல்லாம் என் வழியில் சோதித்தேன். பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பேன். நுனியில் இருக்கும் பித்தளை வளையத்தைச் சுண்டிச் சத்தம் கேட்பேன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கம்பி காந்தத்தில் ஒட்டுகிற வேகத்தைப் பார்த்து, இது நல்ல இரும்பு, இது தகரம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வேன்.

கடைக்காரன் சிரித்தான். "பையா, மீன் வாங்குறீங்களா, கம்பி வாங்குறீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டான். பிறகு உள்ளேயிருந்து கறுப்பு நைலான் சுற்றிய செட் ஒன்றை எடுத்து வைத்தான். கடல்காற்றுக்கு இதுதான் நல்லது என்றான். அதில் காந்தம் சரியாகவே ஒட்டவில்லை. மீன்பிடி நரம்பைச் சுற்றி என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பளபளவென்று இருந்ததை வாங்கி வந்தேன். அதுவும் பதினைந்து நாள்தான்.

அடுத்த சந்தேகம் கீபோர்டு வாசிக்கிற சார் மேல். அவர் அரசாங்க ஆபீசில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கோஷ்டிச் சாமான்கள் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் பூட்டியிருக்கும். என் கிடாரும் அங்கேதான். சாவி அவரிடம் மட்டும். நான் கொட்டகையிலிருந்து நேராக ஒத்திகைக்குப் போவேன். ஒருநாள் பிளக்கை வாங்கும்போது என் கையைப் பார்த்து, "என்ன வே, ஒம்ம கையில கட்டெறும்ப நசுக்குன நாத்தம் அடிக்கி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துக்காரன் என்பதால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதை நான் மறக்கவில்லை.

அவர் லீவில் ஊருக்குப் போய்க் கப்பலில் திரும்பி வந்தபோது எனக்கு ஒரு செட் கம்பி கொண்டுவந்தார். கேட்காமலே கொண்டுவந்தார். அதுதான் என்னை உறுத்தியது. மாட்டினேன், பிரமாதமாக இருந்தது. மூன்றாவது வாரம் செத்துவிட்டது. அந்த வாரமே எங்கள் பாடகர், கச்சாலிலிருந்து என்னோடு வந்தவர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மச்சான், கோவிச்சுக்காத. பேஸ் பூரா கராப் ஆயிருச்சு. சார் சொல்றாரு, இடது கையால கீபோர்டுலயே பேஸ வாசிச்சிரலாமாம்."

"அப்ப நான்?"

"பங்குனி உத்திரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி ஏலாது மச்சான். நீ வந்து முன்னால உக்காந்து கேளு."

முன்னால் உட்கார்ந்து கேட்பது. அன்று வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சாருக்கு என் இடம் வேண்டும், சாவி அவரிடம் இருக்கிறது, என் கம்பி சாகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு இருக்க முடியாது என்று தோன்றியது. நல்ல கம்பியைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவைக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் பொறி வைத்தேன். கையிருப்பில் இருந்த கடைசி செட்டை மாட்டினேன். மேலே முறுக்காணியில் தடித்த கம்பி சுற்றும் இடத்தில், மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கம்பியைக் கழற்றினால் நூலை அறுத்தாக வேண்டும்.

அதன்பின் ஒத்திகைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது நூலைத்தான். இரண்டு வாரம் அறுபடவில்லை. முடிச்சும் நான் போட்ட முடிச்சுதான். ஆனால் சத்தம் மட்டும் வழக்கம்போல மங்கிக்கொண்டே வந்தது. ராத்திரியில் கம்பி மேல் எதையாவது தடவுகிறாரோ என்று அடுத்து நினைத்தேன். உப்புத் தண்ணீராக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, ஊரில் ஒரு விசேஷத்துக்கு வாசிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கிடாரை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை வாசலில் வைத்து வெயிலில் பார்த்தேன். உப்புத் தண்ணீர் தடவியிருந்தால் கம்பி முழுக்கக் கறுத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. தடித்த கம்பியில், கிடாரின் கழுத்தில் மூன்றாவது கட்டத்திலும் ஐந்தாவது கட்டத்திலும் மட்டும் கறுப்பு. கீழே வலது கை மீட்டுகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு. நான் அதிகம் தொடாத மெல்லிய கம்பி அப்படியே மின்னியது. முறுக்காணிப் பக்கம், சிவப்பு நூல் கட்டியிருந்த இடம், கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே பளபளத்தது.

விரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கறுப்பு மேலும் என் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

கையை முகர்ந்தேன். காலையில்தான் குளித்திருந்தேன், இருந்தும் நகக்கண்ணில் அது இருந்தது. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அதே புளிப்பு நெடி. கொட்டகையில் தினமும் பாலை உறையவைக்கிற ஆசிட். சிமெண்ட் தரையையே அரித்து வைத்திருக்கும் அதை வெறுங்கையால் கலக்கிவிட்டு, சோப்புகூடப் போடாமல் நேராக வந்து கம்பியைத் தொட்டிருக்கிறேன். கச்சாலில் பால் வெட்டியபோது இந்தக் கை வேறு கையாக இருந்தது. இரண்டு வருடம் கடைக்காரனையும் கப்பலையும் சாரையும் முகர்ந்து பார்த்தவன், இதை ஒருநாளும் முகரவில்லை.

அன்றே அடுத்த பஸ்ஸில் போர்ட் பிளேர் போனேன். கை இரும்பில் படாத அந்தக் கறுப்பு நைலான் செட் இன்னும் விற்காமல் கிடந்தது. கடைக்காரன் என் சட்டைப்பையைப் பார்த்தான்.

"மேக்னட் நஹி லாயா?"

கொண்டுவரவில்லை என்று தலையாட்டினேன். பாக்கெட்டை முகராமல் வாங்கினேன். ஆனாலும் பஸ்ஸில் திறந்து நான்கு கம்பியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

திருவிழா அன்று மாலை கையை ஆப்ப சோடா போட்டு மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் மேடைக்குப் போனேன். சார் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கிடாரை வாங்கிப் பார்த்தார். முறுக்காணியைத் தடவினார்.

"அந்தச் செவப்பு நூலு எங்க வே?"

என் பொறி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பழைய கம்பியோடு போய்விட்டது என்று சொன்னேன்.

"மந்திரிச்ச நூல்லா அது. நான் ஸ்ருதி பாக்கும்போதுகூட அதுல கை படாம பாத்துக்கிட்டேன். மறுபடி கட்டும், நல்ல நாளும் அதுவுமா."

அவரே பூச்சரத்திலிருந்து ஒரு நார் கிழித்துக் கொடுத்தார். முறுக்காணியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. சாமி பயம் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

முதல் பாட்டில் சாரின் இடது கை கீபோர்டின் இடது ஓரத்தில், பேஸ் வாசிக்கத் தயாராக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். நைலான் கம்பிக்குப் பளிச்சென்ற சத்தம் கிடையாது. தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்பது மாதிரி தடிப்பாக, உருண்டையாக வந்தது. மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது. பாடகர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை.

இரண்டாவது பாட்டு நடுவில் சார் இடது கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். கை வலிக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பாட்டு முடிந்தது, அடுத்தது தொடங்கியது. கை மடியிலேயே இருந்தது. கடைசிப் பாட்டு வரைக்கும் அங்கேயேதான் இருந்தது.