அரை மில்லிகெல்வினுக்குக் கீழே

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். பேய் வர நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்களும் கூடவே போகலாம். இது நடந்தது பிற்பகல் மூன்று மணிக்கு.

2007. யுத்த காலம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் ஆய்வுகூடம். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கூட்டுக்குள் ஒரேயொரு கல்சியம் அயனைப் பிடித்து, லேசர் ஒளியால் குளிரவைப்போம். குவாண்டம் கணினி செய்யவாம்! திரையில் அந்த அயன் ஒரு புள்ளி. நடுக்கம் குறையக் குறையப் புள்ளி சிறுக்கும். அதன் அகலத்தை அளந்தால் வெப்பநிலை தெரியும். எங்களுக்கு மேலே இருந்த பணிப்பாளர் மட்டும், "ஐஸை விடக் குளிரா?" என்று கேட்பார். அவருக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

தனிப்பூச்சியத்துக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்கு, மேல் ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுதான் ஒரு மில்லிகெல்வின். அன்று அதைக் காட்டினால் எனக்கு ஜெர்மனியில் இடம். இல்லாவிட்டால் நாவலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி பிடிக்க வேண்டியதுதான். எண்ணோ மூன்றுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. கூட வேலை செய்யும் விமலநாதனும் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரன். அவன் தமிழ் எனக்குப் பாதி விளங்காது. ஆங்கிலத்தில் பேசு என்று சொல்லிவைத்திருந்தேன்.

மணி 3.10. பின்னால் விமலநாதன் உட்காரும் கதிரை இழுபடும் சத்தம். கர்ர்ர்...

திரும்பினேன். யாருமில்லை. கதவு உட்பக்கம் பூட்டியபடியே இருந்தது.

எண் இறங்கியது. இரண்டு. ஒன்று. அரை...

அந்த லேசரால் அரைக்குக் கீழே போகவே முடியாது.

போனது.

0.2...

புள்ளி தேய்ந்துகொண்டே போனது. என் பிடரியில் குளிர்...

"காணுமோ?"

காதருகில். விமலநாதன் குரல்.

புள்ளியைக் காணோமா என்கிறானா? பயத்தில் கத்தினேன்.

"காணோம்! காணோம்!"

குளிர் விட்டது. எண் 0.1 இல் நின்றது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெள்ளைக் கொடி. முதல் நாள் காலை எட்டு மணிக்கே பாலத்தடியில் யாரோ அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். அயலவரான யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"காணுமோ தம்பி?"

"என்ன... என்ன கேக்குறீங்க?"

"போதுமோ எண்டு கேட்டனான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். அவனும் அதைத்தான் கேட்டிருக்கிறான். என் 'காணோம்' அவன் காதில் 'காணும்' என்று விழுந்திருக்கும். இல்லாவிட்டால் எங்கே போய் நிறுத்தியிருப்பானோ.

எண்ணை அனுப்பினேன். இடம் கிடைத்தது. ஜெர்மனியில் இருக்கிற மேதாவிகள் எவராலும் இன்றுவரை அந்த மாதிரி லேசரால் அதை எடுக்க முடியவில்லை. உண்மையில் யார் எடுத்தது என்று கேட்டார்கள். விமலநாதன் என்றேன்.

அவனைக் கூப்பிடச் சொல்கிறார்கள், மடையர்கள்.