எண்பத்தேழாம் பக்கம்

புத்தகத்தின் பின்னட்டையில் இப்படி அச்சாகியிருக்கிறது: "இந்நூலின் ஆசிரியை திருமதி ருமியாத்தி அவர்கள் சிறந்த இல்லத்தரசி, மூன்று குழந்தைகளின் அன்புத் தாய். வழிவழியாக வந்த கைமணத்தைத் தம் தாயாரின் அடுப்படியில் பயின்றவர். இதிலுள்ள இருநூற்றுப் பதினான்கு பண்டங்களையும் தம் சொந்தச் சமையலறையில் சமைத்து, கணவரும் மக்களும் உண்டு மகிழ்ந்த பின்னரே எழுத்தில் வடித்திருக்கிறார்." பக்கத்தில் ஒரு படம். பூப்போட்ட மேல்சட்டையும் உப்பிய கன்னமுமாக ஒரு பெண்மணி கரண்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்.

படத்தில் இருப்பவர் பதிப்பாளர் குனாடியின் மனைவி. ருமியாத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. செமாராங் நகரில் ஒரு விதவை வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்த அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது வாடகை நிபந்தனை. தாயார் ரயில்வே ஆஸ்பத்திரியில் தாதி. அவரை அடுப்படியில் பார்த்த ஞாபகம் மகளுக்கே இல்லை. தேங்காய்ப்பாலும் மிளகாயும் ருமியாத்தியின் வயிற்றுக்கு ஆகாது. ஜாவாவில் பிறந்த ஒருத்திக்கு இது ஏறக்குறைய நாடுகடத்தல். தெருமுனைக் கடையில் இரண்டு வேளையும் சோறும் தெளிந்த தோஃபு ரசமும் சாப்பிட்டு நாற்பத்து நான்கு வயது வரை வந்து சேர்ந்திருந்தாள்.

அவள் வேளாண்மை அலுவலகத்தில் தட்டச்சர். மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், உரம் எத்தனை கிலோ என்று இருபது வருஷம் அடித்து அடித்து, அளவு இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அவள் தட்டச்சை நிறுத்திவிடுவாள். அதிகாரிகளின் மனைவிமார் மாதாந்தரச் சீட்டுக் கூட்டத்துக்காகச் சமையல் குறிப்புகளை அடித்துத் தரச் சொன்னபோது வந்தது வினை. உப்பு, போதிய அளவு. மஞ்சள், கொஞ்சம். தேங்காய், பார்த்துப் போடவும்.

"எதைப் பார்த்துங்க?" என்று ருமியாத்தி கேட்டாள்.

"சட்டியைப் பார்த்துத்தான். வேற எதைப் பார்ப்பாங்க?" என்றார் ஒரு அதிகாரியின் மனைவி.

அன்றைக்கு அலுவலகத்தில் தபால் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை, எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, பையில் போட்டாள். அடுத்த ஒன்பது வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தராசோடு ஊரான் வீட்டு அடுப்படிகளில் நின்றாள். சமைக்கிறவள் உப்பை அள்ளிச் சட்டிக்குக் கொண்டுபோகும்போது நடுவில் தட்டை நீட்டுவாள். "இதுல போடுங்கக்கா. நிறுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்." எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும். "அடி போ! வெங்காயம் கருகுது, நீ தராசைத் தூக்கிட்டு வர்ற!" என்று வசவு விழும். அவளுக்கு ஊரில் 'தராசக்கா' என்றே பேர் நின்றுவிட்டது.

கண்ணால் பார்க்காத எதையும் அவள் எழுதுவதில்லை. ருசி பார்க்க முடியாதவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். கவலைப்படுவது அவளுடைய இரண்டாவது உத்தியோகம். முதல் உத்தியோகத்தைவிட அதில் அனுபவம் அதிகம். அச்சுப் பிரதியை நான்கு முறை திருத்தினாள். ஐந்தாம் முறை கேட்டபோது குனாடி பிடுங்கி வைத்துக்கொண்டார்.

புத்தகம் வந்த மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜோஹார் சந்தையில் வறுவல் விற்கும் பொனியெமுக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனாள். காடுங் என்னும் காட்டுக் கிழங்கின் வறுவல் பொனியெம் சொல்லிக் கொடுத்தது. பொனியெமுக்கு எழுத்து தெரியாது. ஆகவே ருமியாத்தியே பெருமையோடு எண்பத்தேழாம் பக்கத்தை வாசித்தாள்:

"காடுங் கிழங்கு ஐந்நூறு கிராம். தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பு ஆறு கிராம் சேர்த்து, சூடான எண்ணெயில் பொரிக்கவும்."

பொனியெம் முதலில் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். "ஏய், இதைக் கேளேன். தோலைச் சீவினாளாம், பொரிச்சாளாம்! மாமியாரை அனுப்பி வைக்க நல்ல வழி." பிறகு ருமியாத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "தராசக்கா... நெஜமாவே இப்படித்தான் போட்டிருக்கியா?"

"நீங்க வறுத்தப்ப நான் பக்கத்துல நின்னேனே!"

"நீ நின்னப்ப வில்லை காய்ஞ்சு தயாராயில்ல இருந்துச்சு? அதுக்கு முன்னாடி நறுக்கி, சாம்பல் பூசி, கல்லு வெச்சு ஒரு நாள் அமுக்கி, வெயில்ல போட்டு, மூணு நாள் ஓடுற ஆத்துல கூடையோட கட்டி வெச்சிருந்து... விஷம்டி அது. பச்சையா திங்கற கிழங்கா? தலை சுத்தும், வாயில நுரை தள்ளும், கை கால் இழுக்கும்."

"ஏன் சொல்லலை?"

"இதையெல்லாம் யாராவது சொல்லுவாங்களா? மழை பெய்ஞ்சா நனையும்னு சொல்றனா உன்கிட்ட?"

ருமியாத்தி அந்தக் கடையின் கவிழ்த்த கூடை ஒன்றில் உட்கார்ந்தாள். அவள் பார்த்தது வெள்ளை வில்லைகளை. மற்ற எல்லாக் கிழங்குக்கும் 'தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி' என்று தொடங்கியிருந்தாள். இதற்கும் விரல்கள் தாமாகவே அப்படி அடித்துவிட்டன. இருநூற்றுப் பதினான்கு குறிப்புகளில் கண்ணால் பார்க்காமல் அவள் எழுதியது இந்த ஒரே வரி.

சந்தையிலிருந்து நேராகப் பதிப்பகத்துக்குப் போனாள். குனாடி அவளைவிட நிதானமாக இருந்தார். "டவுன்ல பச்சைக் காடுங் கிழங்கு எங்கம்மா கிடைக்குது? எல்லாரும் பொட்டலத்துல வில்லையா வாங்கறாங்க. நீங்க ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறீங்க? டீ குடிங்க." அவளைத் தேற்றுவதற்காக ஒரு நல்ல செய்தியும் சொன்னார். சுமத்ராக் காட்டைத் திருத்திக் குடியேறப் போகும் குடும்பங்களுக்கு அரசாங்கத்தில் வீட்டுக்கொரு பெட்டி தருகிறார்கள் அல்லவா? மண்வெட்டி, அரிவாள், கொசுவலை, அரிக்கேன் விளக்கு. அதில் இந்த வருஷம் சமையல் புத்தகமும் உண்டு. மொத்தம் முந்நூறு பிரதி. "புதுக் காட்டுல நம்ம சமையல்! எப்படி?"

டீ ருமியாத்தியின் மடியில் கொட்டியது. காட்டோரத்தில் மண்வெட்டியால் ஒரு போடு போட்டால் காடுங் கிழங்குதான் வரும் என்று அவள் அலுவலக அறிக்கைகளில் எத்தனை முறை அடித்திருக்கிறாள்! கிராமத்து விவசாயி தொடமாட்டான். ஆனால் இந்த முறை அனுப்பப்படுகிறவர்கள் ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்த நகரவாசிகள். ரிக்‌ஷா மிதித்தவர்கள், மீன் கூடை சுமந்தவர்கள். பசி வந்தால் அவர்கள் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கப்பல் வியாழக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் துறைமுக முகாமில் நின்றாள். முகாம் அதிகாரி ஹார்ஜித்தோ நாகரிகமான மனிதர். புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பின்னட்டையைப் பார்த்தார்.

"ரொம்ப இளைச்சுட்டீங்கம்மா."

"ஐயா, எண்பத்தேழாம் பக்கத்துல பெரிய தப்பு இருக்கு. உயிருக்கே ஆபத்து. பெட்டிகளைத் திறக்கணும்."

"பெட்டி ஆணி அடிச்சு முத்திரை வெச்சாச்சே. கையெழுத்து வாங்கியாச்சு. இது அங்கீகாரம் ஆன புத்தகம். தப்பு இருந்தா அங்கீகாரமே தப்புன்னு ஆகும். அங்கீகாரம் கொடுத்தவர் லீவுல இருக்கார்."

"சரி, ஒலிபெருக்கியில ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"ஒலிபெருக்கி பேர் கூப்பிட மட்டும்தான். விஷம், சாப்பாடு இதெல்லாம் சுகாதாரப் பிரிவு. அவங்க வியாழக்கிழமை வருவாங்க."

"வியாழக்கிழமை கப்பல் போயிடுமே!"

"அதுக்குத்தாம்மா வராங்க. வழியனுப்ப." பெட்டி எதையும் அவள் திறக்கக் கூடாது, அது அரசாங்கச் சொத்து என்று மறுபடியும் சொன்னார். ஆனால் முகாமுக்குள் நடந்து போவதை யாரும் தடை செய்யவில்லை என்பதையும், பேனாவை மூடியபடி, சும்மா சொல்வதுபோல் சொன்னார். மூன்று கொட்டகைகள், இருநூற்று முப்பத்தொன்பது குடும்பங்கள். மீதி அறுபத்தொன்று? அவை போன கப்பலிலேயே போய்விட்டன.

அவள் விரல் விட்டு எண்ணினாள். போன கப்பல் போய்ப் பதினோரு நாள். பதினோரு நாளில் எத்தனை பேர் மண்ணைக் கொத்தியிருப்பார்கள்?

கொட்டகைக்குள் போனதும் ஒரு காரியம் சுலபமாக முடிந்தது. முத்திரை வைத்த பெட்டிகளில் ஒன்றுகூட மூடியிருக்கவில்லை. துறைமுகத்துக் கொசுவுக்கு முத்திரை தெரியாது; முதல் நாளே எல்லோரும் ஆணியைப் பிடுங்கிக் கொசுவலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். புத்தகங்கள் கண் முன்னே கிடந்தன. ஒன்று கைக்குழந்தையின் தலைக்குக் கீழே இருந்தது.

அந்தக் குழந்தையின் தாய் லஸ்மி, ரிக்‌ஷாக்காரர் மனைவி. ருமியாத்தி விஷயத்தைச் சொல்லி, புத்தகத்தைக் கேட்டாள். லஸ்மி தரவில்லை.

"நீங்கதான் எழுதினீங்களா? புத்தகத்துல இருக்கிற அம்மா குண்டா, லட்சணமா இருக்காங்களே."

"அது பதிப்பாளரோட சம்சாரம்."

"அப்ப மூணு பிள்ளைங்க?"

"அவங்களோடதுதான்."

"புருஷன்?"

"அதுவும்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "புத்தகத்தைத் திருப்பி வாங்கப் பார்க்கிறாங்க. நேத்து ஒருத்தன் வந்து மண்வெட்டியைக் கேட்டான், இன்னிக்கு இது" என்றான். அதோடு கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. புத்தகங்கள் பாய்களுக்கு அடியில் போகத் தொடங்கின. படிக்கத் தெரியாதவர்கள்கூட இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை தலையணையாக இருந்தது இப்போது சொத்தாகிவிட்டது.

"எழுதினவங்கன்னா எங்களுக்கு ஏதாவது சமைச்சுக் காட்டுங்களேன்" என்றாள் லஸ்மி.

"எனக்குச் சமைக்கத் தெரியாது."

இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ருமியாத்தி தொடர்ந்தாள். "சமைக்கத் தெரியாது. ஆனா எவ்வளவுன்னு தெரியும். ஏதாவது பக்கம் சொல்லுங்க."

மீன் கூடை சுமந்த ஒரு கிழவர் பாய்க்கடியிலிருந்து தம் பிரதியை எடுத்துப் பிரித்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். "நாப்பத்தொண்ணு."

"பயத்தங்காய்க் குழம்பு, நாலு பேருக்கு. காய் முந்நூறு கிராம், தேங்காய்ப்பால் அரை லிட்டர், அரத்தை எட்டு கிராம், பனைவெல்லம் பதினஞ்சு, உப்பு ஒன்பது."

கிழவர் விரலை நகர்த்திக்கொண்டே போனார். "உப்பு... ஒன்பது. சரிதான். நூத்திப் பன்னெண்டு?"

"கெளுத்தி மீன் வறுவல். மீன் ஒரு கிலோ, மஞ்சள் ஆறு கிராம், கொத்தமல்லி விதை நாலு, புளித்தண்ணி நாப்பது மில்லி. உப்பு பதினாலு. அதைச் செஞ்சு காட்டினவங்க கோபத்துல பதினாறு போட்டாங்க. ரெண்டைத் திருப்பி எடுத்தேன்."

"அடேங்கப்பா!" என்றார் கிழவர். "புருஷன் வயசு கேட்டாக்கூட என் பொண்டாட்டிக்கு இவ்வளவு சரியா வராது."

இன்னும் ஏழு பக்கம் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் ஒப்பிக்கும்போது ருமியாத்தியின் கண் வாசலில் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் வீணாகிறது. எட்டாவதைக் கேட்கும் முன் லஸ்மியே கையை உயர்த்தினாள். "போதும்யா, அழுதுடுவாங்க போல." குழந்தையின் தலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் புத்தகத்தை உருவி நீட்டினாள். "என்ன எழுதணுமோ எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. வாயாலயும் சொல்லிடுங்க."

ருமியாத்தி வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: "காடுங் கிழங்கு விஷம். நறுக்கிச் சாம்பல் பூசி, கல் வைத்து ஒரு நாள். காயவைத்து ஓடும் நீரில் மூன்று நாள். முறை தெரியாதவர் தொட வேண்டாம்." எழுதியதை வாயாலும் சொன்னாள். லஸ்மி எதிர்ப்பாயைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ, அந்தப் புத்தகத்தைக் கொண்டா! கிழங்கைத் தின்னு சாகப் போறியா?" பாய்களுக்கு அடியிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

எழுதத் தெரிந்த இருவர் உதவிக்கு வந்தார்கள். அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. மூன்றாவது கொட்டகையில் கட்டைவிரல் வீங்கியது. பேனாவைத் துணியால் விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை பிற்பகல் ஹார்ஜித்தோ எட்டிப் பார்த்து, "அம்மா, அரசாங்கச் சொத்துல எழுதறீங்களே" என்றார். பிறகு தம் மேஜையில் இருந்த மாதிரிப் பிரதியையும் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்திருந்ததாகச் சொன்னார்.

அறுபத்தொன்றுக்கு அவர் தந்தி அடித்துத் தருவதாகச் சொன்னார். தந்தி போய்ச் சேரும் அலுவலகத்திலிருந்து அந்தக் குடியிருப்புகளுக்குப் படகில் இரண்டு நாள். தந்தியை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டாள். அது தம் பிரிவு இல்லை என்றார்.

ருமியாத்தி அந்த இரண்டு நாளில் இருநூற்று நாற்பது புத்தகங்களைத் தன் கையால் திருத்தினாள். வியாழக்கிழமைக் கப்பலில் அவளும் ஏறினாள். சுமத்ராவின் ஜாம்பிக் காட்டுக்குள் மூன்று குடியிருப்புகளில் அறுபத்தொரு வீடு தேடிப் போனாள். ஐம்பத்தேழு வீடுகளில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அங்கே உட்கார்ந்து எழுதினாள். நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு கதவிடுக்கிலும் அதே நான்கு வரிகளை எழுதிச் செருகிவிட்டுத் திரும்பினாள்.