முன் இருக்கைக்கு ஒரு கதை

பல்கலைக்கழகத்தில் நடுக்கால ஆங்கிலக் கதைத் தொகுப்புகளைப் படிப்பிக்கிறேன். பயணம் போகிறவர்கள் வழியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தப் பயணமே எல்லாக் கதைகளையும் சுற்றிக் கட்டிய வேலி. ‘பயணம் வெறும் சாட்டு, கதைகளுக்குள் ஒரு தொடர்பும் இல்லை’ என்று ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் எழுதித் தருகிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களை எங்கள் பெரியப்பாவின் வான் வண்டியில் ஒருமுறை ஏற்றியிருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே வீட்டில் நாங்களும் பெரியப்பாவும், இன்னும் கல்யாணமாகாத சித்தப்பாவும் இருந்தோம். மொன்றியலில் கோயில் தேர். அப்பாவுக்கு வேலை. பெரியப்பா ஓட்ட, சித்தப்பா அவருக்குப் பக்கத்தில். அம்மாவும் நானும் பின்னால். நெடுஞ்சாலை ஏறியதும் பெரியப்பா சட்டம் போட்டார்.

“ஆளுக்கொரு கதை. போகேக்க ஒண்டு, வரேக்க ஒண்டு. ஆரின்ர கதை திறமோ, அவருக்கு வரேக்க முன் சீற்.”

முன் இருக்கை! அதில் இருக்கும் வயது எனக்கு அப்போதுதான் வந்திருந்தது, ஆனால் சித்தப்பா விட்டால்தானே. என்னிடம் கதை தயாராக இருந்தது: எங்கள் குப்பைத்தொட்டியைக் கிளற வந்து உள்ளே விழுந்த ரக்கூன் ஒன்று தன்னை அரசனென்று நினைத்துக்கொண்ட கதை. வெல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பா தொடங்கினார். ஒரு மரம் காகக்குஞ்சு ஒன்றை வெயில் மழை படாமல் வளர்த்ததாம்; சிறகு முளைத்ததும் காகம் மரத்தைக் கொத்திவிட்டுத் தனிக்கூடு கட்டப் போனதாம். இதெல்லாம் ஒரு கதையா? நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். ஒருவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டானாம். போட்ட ஒவ்வொரு பிடியையும் ஊருக்குச் சொல்லிச் சொல்லியே போட்டானாம். மாட்டுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லையாம்.

“பிள்ளையின்ர முறையை விடுங்கோவன்,” என்றார் அம்மா.

“பொறும். உந்தக் கதைக்கு ஒரு மறுமொழி கிடக்கு,” என்றார் பெரியப்பா.

மறுபடியும் காகம். பிறகு மறுபடியும் மாடு. பாதி வழியில் வரும் கிங்ஸ்ரனும் போய்விட்டது. சட்டம் போட்டவரே அதை மீறினால் யாரிடம் போய் முறையிடுவது?

“திஸ் இஸ் நொட் ஃபெயர்!” என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

கோப்பிக்கு நிறுத்திய இடத்தில் இரண்டு பேரும் வானுக்கு வெளியே நின்று கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். என்னை விட்டுவிட்டு அங்கேயும் கதை சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வரேக்க சொல்லு,” என்றார்.

தேர் முடிந்து புறப்படும்போது சித்தப்பாவைக் காணவில்லை.

“அவர் பஸ்ஸில வருவாராம்,” என்றார் அம்மா.

தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா முன் கதவைத் திறந்துவிட்டு, “ஏறு பிள்ளை,” என்றார். கதையே சொல்லாமல் வென்றுவிட்டேன்! பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, “இப்ப என்ர கதையைச் சொல்லவோ?” என்று கேட்டேன்.

அவர் ரேடியோவைப் போட்டார்; ரொறன்ரோ வரும்வரை அதை நிறுத்தவில்லை. வரும்போது ஆளுக்கொரு கதை என்று சொன்ன மனிதர்! எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அடுத்த கிழமை சித்தப்பா வந்து உடுப்புகளை அள்ளிக்கொண்டு போனார். பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அன்றிலிருந்து வானில் முன் இருக்கை எனக்குத்தான். ரக்கூன் கதையைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக வென்றிருப்பேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.