அக்கா கழற்றித் தந்த கண்ணாடி

அக்காவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டால் முதலில் வருவது தேங்காய் எண்ணெய் மணம்... பிறகு காதுக்குப் பின்னால் நூல் உறுத்தும். உடைந்த கால் ஒன்றை அம்மா தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தா.

என்னுடைய கண்ணாடி, ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்குள் குதித்த அன்று நொறுங்கிப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக்காலம் அது. பட்டணத்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"வில்லை கொழும்பிலை இருந்து வரவேணும் பிள்ளை. பாதை பூட்டெல்லோ?"

பாதை திறந்திருந்தாலும் அப்பாவால் வாங்கியிருக்க முடியாது. தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல், வட்டுக்கோட்டையில் எங்கள் வெங்காயம் பாதி கருகிக் கிடந்தது.

எங்கள் இருவர் கண்ணுக்கும் கிட்டத்து எழுத்துத் தெரியாது. அம்மா வழியில் வந்த சீதனம் அது ஒன்றுதான்!

அக்கா ஒரு வயது மூத்தவள். நெருப்புக் காய்ச்சலில் ஒரு வருடம் படுத்ததால் என்னோடு ஒரே வகுப்பு. ஜாம் போத்தல் விளக்கில் ஒருத்தி கண்ணாடி போட்டு வாசிப்பாள், மற்றவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கணக்கென்றால் அக்காதான் சொல்லித் தருவாள். என் மண்டையில் ஏறும்வரை விடமாட்டாள், குட்டும் விழும்.

ஆனால் பதினோராம் வகுப்பு ஓ எல் சோதனையில் யார் வாசித்துக் காட்டுவது?

கணக்குப் பேப்பருக்கு ஒரு திட்டம் போட்டோம். முதல் பாதி நேரம் கண்ணாடி அக்காவுக்கு, மறுபாதி எனக்கு. மேற்பார்வைக்கு வந்த ரீச்சரும் கைமாற்றித் தர ஓம் என்றுவிட்டா.

பேப்பர் தந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை... ரீச்சர் என் மேசையில் கண்ணாடியை வைத்தா.

"உம்மடை அக்கா தரச் சொன்னவ."

வாங்கிப் போட்டேன். மணி அடிக்கும்வரை எழுதினேன். ஏன் இவ்வளவு கெதியாக அனுப்பினாள் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நான் பாஸ். அக்கா பெயில்.

நான் மேலே ஏ எல் வகுப்புக்குப் போனேன். அவள் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போனாள். அந்தக் கூலியில்தான் எனக்குக் கொப்பி, பேனை வந்தது. பிறகு எழுதலாம் என்றாள்... அதற்குள் தொண்ணூற்றைந்துச் சண்டை வந்து, ஊரோடு இடம்பெயர்ந்தோம். அதன்பிறகு அவள் எழுதவேயில்லை.

இன்று ரொறன்ரோவில் எனக்கு மூன்று கண்ணாடிகள். கொம்பியூட்டருக்கு ஒன்று, கைப்பைக்குள் ஒன்று, கட்டிலடியில் ஒன்று. ஊரிலிருக்கும் அக்காவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பினேன். போன கிழமைதான் போனில் கேட்கத் துணிவு வந்தது.

"ஏனக்கா அண்டைக்குச் சோதனையிலை உடனை கழட்டி அனுப்பினனி?"

"எனக்கெங்கையடி கணக்கு வந்தது? அதுதான்."

எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள் சொல்கிறாள்! அவள் கதையை மாற்றினாள்.

"நீ அனுப்பின கண்ணாடி நல்லாயிருக்கு. அரிசியிலை கல்லுப் பொறுக்க நல்ல உதவி."