டூகலின் துப்பாக்கி

நான் ஆற்றுத் தண்ணீரை அளக்கிறவன். எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. அதனால் கீழே வரும் நேரங்கள் சரியானவை. அன்றன்றே எழுதியவை. மற்றதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். எனக்கு நடந்தது.

என் மனைவி பிரிஜெட் போன மே மாதம் இறந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறு வருடக் கல்யாணம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு முன்னால் அவளுக்கு ஒருவன் இருந்தான். டூகல். இரண்டு பேரும் நாலு வருடம் ஒன்றாக மான் வேட்டைக்கு அலைந்தவர்கள். மலையில் விபத்து, செத்துப்போனான் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் வடதீவுக்காரன். அவன் செத்த பிறகுதான் கடல் தாண்டி இந்த மேற்குக் கரைக்கு வேலைக்கு வந்தேன். ஊரில் யாரும் அவன் பேச்சை என் முன்னால் எடுத்ததில்லை. என் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

பிரிஜெட்டும் அவனைப் பற்றிப் பேச மாட்டாள். அவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவாள். வேட்டையில் நான் என் துப்பாக்கியின் போல்ட்டை, அந்த இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்போதெல்லாம் அந்தக் கடகடப்புக்கு முகம் சுளிப்பாள். "டூகலோடது வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி இருக்கும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். எனக்கு வயிறு எரியும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

இந்த ஏப்ரலில் அந்தத் துப்பாக்கி விலைக்கு வந்தது. டூகலின் அண்ணன் லின்ட்சே விற்றார்.

நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஆஸ்திரியாவில் செய்தது. குழலின் நுனிவரை வால்நட் மரம். போல்ட்டின் பிடி தேக்கரண்டி மாதிரித் தட்டையாக இருக்கும். குழல் ஆறரை மில்லிமீட்டர்தான், ஆனால் கடையில் கிடைக்கிற ஆறரைத் தோட்டா எதுவும் அதற்குள் போகாது. அதற்கென்று தனித் தோட்டா. இந்தக் கரையில் எந்தக் கடையிலும் இல்லை. டூகல் தன் கையால் மருந்து நிரப்பி வைத்த ஒரு டப்பாதான் மிச்சம்.

"வாங்காத தம்பி" என்றுதான் லின்ட்சே பேச்சையே ஆரம்பித்தார். "இதுக்குத் தீனி போட்டு மாளாது. டப்பா காலியானா சுவத்துல மாட்டி அழகு பாக்க வேண்டியதுதான்."

பிறகு ஏன் விற்கிறீர்கள் என்றேன். கிறைஸ்ட்சர்ச்சில் பழைய துப்பாக்கிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் திங்கட்கிழமை வருகிறார் என்றார்.

"அவரு சுட மாட்டாரு. அதனாலதான் அவருக்கு."

ஒரு நாள் மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். வேட்டைக்காரர்கள் தங்கும் குடில்களில் எது என்று கேட்டார். பீச் ஓடைக் குடில் என்றேன். டூகலும் பிரிஜெட்டும் வழக்கமாகப் போன இடம்.

"வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

"ஏன், அதுவும் அவனோடதா?"

அவர் டப்பாவைத் திறந்தார். பிறகு ஐந்து தோட்டாக்களை என் கையில் வைத்தார்.

எனக்கு மான் வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடம் அவள் வாயில் இருந்த பொருள் இன்னொருத்தன் சுவரில் தொங்கக்கூடாது. செத்தவனிடமிருந்து அதையாவது பிடுங்க வேண்டும். சின்னப் புத்தி. தெரியும்.

சனிக்கிழமை மதியம் 2:50. குடிலில் யாரும் இல்லை. பொதுக் குடிலில் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்; அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. கழற்றி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் படுத்தேன்.

3:34. ஒரு சத்தம்.

ஸ்ஸ்... ளிக்.

கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும். பின்னால் இழுத்து, முன்னால் தள்ளுகிற சத்தம். மெதுவாக. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி.

சட்டைப் பையைத் தொட்டேன். போல்ட் உள்ளேதான் இருந்தது. பொத்தான் மாட்டியபடியே இருந்தது.

எழுந்து பார்த்தேன். துப்பாக்கி வைத்த இடத்தில் இருந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கூரையில் பூனை அளவு பாஸம் ஏதாவது ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு 5:05க்குப் புல்வெளி ஓரத்துக்குப் போனேன். ஏப்ரல் இணைசேரும் காலம், கலைமான் கத்தும். நாங்கள் குழாய் வைத்து அதே மாதிரி கத்துவோம். தன் பெண்மான்களைப் பறிக்க எவனோ வந்துவிட்டான் என்று கலைமான் வெளியே வரும். பொறாமைதான் அதை இழுத்து வரும்.

இருவராகப் போனால் சுடுகிறவர் முன்னால் உட்கார வேண்டும். கத்துகிறவர் முப்பது தப்படி பின்னால். கத்துகிறவர் எந்தக் காரணத்துக்காகவும் துப்பாக்கிக்கு முன்னால் வரக்கூடாது. பிரிஜெட் எப்போதும் எனக்குப் பின்னால் இருந்து கத்துவாள். கடைசியில் மூன்று குட்டி இருமல் போடுவாள். வேறு யாரும் அப்படி முடித்து நான் கேட்டதில்லை.

5:31. கத்தினேன். பதில் இல்லை.

5:44. மறுபடி கத்தினேன். ஓடையின் மேல்பக்கத்திலிருந்து பதில் வந்தது. தூரத்தில்.

5:58. கொஞ்சம் பக்கத்தில்.

6:06. நாற்பது தப்படி. உயரமான புல்லுக்குள். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கத்தல் நீண்டு, அடங்கி... முடிவில் மூன்று குட்டி இருமல்.

 மான் அப்படிக் கத்தாது.

பயப்படுவதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. அப்படியானால் அந்த இருமலும் அவளுடையது இல்லை. அதையும் டூகல்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். அதற்கு இரண்டு விசை. பின்விசையை இழுத்துவிட்டால் முன்விசையைத் தொட்டாலே போதும். பின்விசையை இழுத்தேன்.

புல் அசைந்தது.

கறுப்பாக ஏதோ நிமிர்ந்தது.

முழுசாகத் தெரியாததைச் சுடக்கூடாது. தெரியும்.

ஒரு குரல். ஆண் குரல். சாதாரணமாக...

"பிரிட்... நான்தான்."

பிரிட்.

கல்யாணமான முதல் மாதம் நானும் ஒரு தடவை அவளை அப்படிக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு கூப்பிட்டதில்லை.

விரல் முன்விசையைத் தொட்டது. வெடித்தது.

6:09.

டார்ச் அடித்துத் தேடினேன். யாரும் இல்லை. ரத்தம் இல்லை. ஒரு புல்கூட மடங்கவில்லை.

அப்போது புல்லுக்குள்ளிருந்து...

ஸ்ஸ்... ளிக்.

துப்பாக்கி என் கையில் இருந்தது.

எப்படிக் கீழே இறங்கினேன் என்று தெரியாது. 8:20க்கு வண்டிக்குள் இருந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லின்ட்சேயின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியையும் நாலு தோட்டாக்களையும் மேசைமேல் வைத்தேன். மான் கிடைத்ததா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எத்தனை மணி என்று கேட்டார். சொன்னேன்.

கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போலீஸ் காகிதத்துலயும் ஆறு ஒம்பதுதான் போட்டிருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அதே புல்வெளி. டூகல் செத்த அன்று சுட உட்கார்ந்தது பிரிஜெட். டூகல் பின்னால் இருந்து கத்த வேண்டியவன், சுற்றி முன்னால் வந்துவிட்டான். அவனுடைய துப்பாக்கி அவள் கையில். ஒரே தோட்டா. மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டாள், விபத்து என்று தீர்ப்பாயிற்று. ஊர் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டது.

"உன்னக் கட்டிக்கிறதுக்கு முந்தின வாரம் இங்க வந்தா" என்றார் லின்ட்சே. "அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு, அப்புறந்தான் சுட்டேன்னு சொன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல."

ஏன் என்று கேட்டேன். 

"அன்னிக்கு மத்தியானம் குடில்ல வெச்சு, வேற ஒருத்தியக் கட்டிக்கப் போறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கான்."

மேசைமேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்தில் நான் எத்தனையோ நாள் நேரம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். யாரோடு இருந்தாய் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவனை விட்டுக்கொடுக்க முடியாமல் சுட்டவள், எனக்காக ஒரு தட்டைக்கூடப் போட்டு உடைத்ததில்லை.

லின்ட்சே மெல்லக் கேட்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. குரல் கேட்டது மொதல்லயா, நீ சுட்டது மொதல்லயா?"

நாலு தோட்டாக்களையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். துப்பாக்கி என்ன விலை என்று கேட்டேன்.