உளி படாத கல் நான்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வயதில், நான் எழுதிய நான்கடிப் பாட்டு ஒன்றை யாருக்கும் சொல்லாமல் ஒரு மதகுக் கல்லில் வெட்டவைத்தேன். நாலாவது அடியில் என் பெயரும் இருந்தது. இரண்டு பத்திரிகைகள் திருப்பியனுப்பிய பாட்டு அது. கல் திருப்பியனுப்பாது என்று நினைத்தேன்.

அப்போது வில்லியனூரில் நொத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திர அதிகாரி ஒருவரிடம் பத்திரம் படியெடுக்கும் எழுத்தராக இருந்தேன். அக்காளைப் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடுத்திருந்தது. அந்த ஊர்ச் சிற்றேரி மதகுக்கு நேர் கீழே இருந்த வயல் அக்காள் புருஷருடையது. அவரை மாமா என்று கூப்பிடுவேன். கோடையில் மதகின் நடுக்கால் கல் வெடித்து, அதை ஒட்டிய மூன்று கல்லும் பெயர்ந்துவிட்டன. பனந்துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் ஏரி ஏற ஏற, அந்த அடைப்பு கசிய ஆரம்பித்தது. அது பிடுங்கிக்கொண்டால் முதலில் போவது மாமாவின் சம்பா. நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை.

புதுக்கல் நான்கும் வில்லியனூர் ஆசாரி ஒருவரிடம் தயாராகக் கிடந்தன. கொண்டுபோவதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் நிலமும் இங்கிலீஷ்காரன் நிலமும், கிழிந்த பாயில் ஒட்டுப்போட்டது போல மாறிமாறிக் கிடக்கும். மாமா ஊருக்குப் போக நடுவில் ஒன்றரை மைல் இங்கிலீஷ் மண்ணைத் தாண்ட வேண்டும். அதன் வாயில் ஒரு சவுக்கை இருந்தது. பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு சுங்க அதிகாரி, அவர் மடியில் தடித்த வரிப் புத்தகம்.

புத்தகத்தில் கல் இரண்டு சாதி. மலையில் பிளந்தபடி ஆப்புத் தழும்போடு வருவதற்கு வரி கிடையாது. உளியால் கொத்திச் சமன்செய்தது, துளை போட்டது, செதுக்கியது, எழுத்து வெட்டியது எல்லாம் ‘வேலை செய்த கல்’. அதற்கு வரி உண்டு. வரிக்கு மதிப்புப் போட மேலிடத்துக்கு எழுத வேண்டும், பதில் வரப் பத்து நாள் ஆகும். அதனால் எங்கள் பக்கத்து ஆசாரிகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பட்டறையில் உளியே தொடமாட்டார்கள். பிளந்த கல்லை அப்படியே வண்டியேற்றி, சவுக்கை தாண்டி, நடுகிற இடத்தில் போய்த்தான் மதகுப் பலகை இறங்கும் காடியை வெட்டுவார்கள்.

மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சவுக்கையில் கொடுக்க ஒரு காகிதம். ‘உளி படாத கல் நான்கு’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதே வாரம் ஆசாரியைப் பிடித்துப் பாட்டையும் வெட்டவைத்தேன்.

“வாணாம் தம்பி, சவுக்கையில பாப்பான்” என்றார் அவர்.

“பாட்டெல்லாம் ஒரு வேலையா ஆசாரி?” என்றேன். பாட்டெழுதுவது வேலையில்லை என்பது எங்கள் வீட்டாரின் முடிந்த முடிவு. சுங்கமும் அப்படித்தான் நினைக்கும் என்று நம்பினேன். எழுத்து தெரியாதபடி கல்லைக் குப்புறப் போட்டு ஏற்றினோம். மாமாவுக்குத் தெரியாது.

மாமா, ஆசாரி, நான் மூவரும் வண்டியோடு சவுக்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். தெற்கே வானம் ஒரே கறுப்பு. அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தாங்க.”

“நல்ல கையெழுத்து. கல்லப் பொரட்டிக் காட்டுங்க.”

மாமாவும் ஆசாரியும் கடப்பாரை போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். முதல் மூன்றும் தப்பின. நாலாவதற்குக் கடப்பாரை போட்டபோது நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். மாடு பரிவோடு என்னைப் பார்த்தது.

கல் புரண்டது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

“பாட்டா?”

“ஆமாங்க.”

“நாலாவது அடி இழுக்குதே தம்பி.”

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா எழுதியிருக்குங்க? சாமி பேரா?” என்றார்.

“சாமி இல்ல. இவரு பேரு.”

மாமா தெற்கே வானத்தைப் பார்த்தார், பிறகு என்னை. “ஏன் மச்சான், எழுதறதுக்கு ஊருல காயிதமே இல்லியா? எம் பயிரு மேலயா எழுதுவ?”

நொத்தேரிடம் கற்ற வித்தையெல்லாம் எடுத்துவிட்டேன். புத்தகத்தில் சொல்லியிருக்கும் செதுக்கு வேலை என்பது அழகுக்காகச் செய்வது, இந்தப் பாட்டு அழகுக்காக இல்லை என்று வாதாடினேன்.

“அழகு இல்லன்னு எழுத்துல குடுப்பியா?”

கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அவர் படித்துவிட்டு, “இத நான் ஒத்துக்கிறேன். ஆனா வெட்டின எழுத்து வெட்டின எழுத்துதான். மத்த மூணும் போவலாம். இது நிக்கும்” என்றார்.

நின்றது நடுக்கால். அது இல்லாமல் மற்ற மூன்றும் போய் ஒன்றும் ஆகாது.

“சொரண்டிப்புடு ஆசாரி” என்றார் மாமா.

“சொரண்டினா அது கொத்தின மொகம் ஆயிடும். அதுவும் வேலைதான்.”

அதிகாரி தலையாட்டினார். “ஆசாரிக்குப் புஸ்தகம் தெரியுது.”

ஆசாரி கல்லைச் சுற்றி வந்தார். பாட்டு, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று நான் சொன்னபடி, தலைமாட்டில் ஒரு முழத்துக்குள் இருந்தது. “ஆப்பு வெச்சித் தலையப் பொளந்துடலாம். பொளந்த மொகம் மலையில பொளந்த மாதிரியேதான் இருக்கும். மண்ணுல ரெண்டு மொழம் எறக்கறதா இருந்தேன். ஒண்ணோட நிறுத்திக்கலாம்.”

“தப்பிப் பொளந்தா?” என்றார் மாமா.

“அம்மிக்கு ஆவும்.”

அதிகாரி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு குடையை விரித்தார். “கல்லு இன்னும் எங்க எல்லைக்கு வரல. அங்க நீங்க இன்னா பண்ணாலும் எனக்குக் கணக்கில்ல.”

கல்லை இறக்கி, பிளக்கிற இடத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். ஆசாரி மேலே தண்ணீர் தெளித்து, அது ஓடுகிற விதத்தில் கல்லின் ஓட்டத்தைப் பார்த்தார். பிறகு ஏழு ஆப்புக் குழி அடித்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு யுகம். மூன்றாவது குழியில் தூறல் பிடித்துக்கொண்டது. மாமா குந்தியபடி தென்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பும்போது அடைப்பில் கசிவு விரல் பருமன் இருந்ததாம். அதை யாரிடமும் என்றில்லாமல் மூன்று தரம் சொன்னார்.

“தம்பி, நீ இந்தத் தலைமாட்டுல குந்து. பாரம் வோணும்” என்றார் ஆசாரி.

என் பாட்டின் மேல் உட்கார்ந்தேன்.

ஏழு ஆப்பும் இறங்கின. சம்மட்டி இடமிருந்து வலமாக, ஒரே அளவான அடி. ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திக் காதைச் சாய்த்துக் கேட்பார். மூன்று சுற்று வரை கணீரென்று இருந்த கல், நாலாவதில் தொண்டை கட்டியது போல் மாறியது. “யாரும் அசையாதீங்க” என்றார். ஒரு அடி. துணி கிழிகிற சத்தம். பாட்டோடு சேர்ந்து நான் சேற்றில் விழுந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பெரிய துண்டின் மேல் குனிந்திருந்தார்கள். விரிசல் ஓடவில்லை. ஆனால் ஒரு மூலையில் பிளவு நாலு விரல் விலகி, என் பெயரின் கடைசி எழுத்து வாலோடு அங்கேயே தங்கிவிட்டது.

அதிகாரி அதை விரலால் தடவினார். “இது இன்னா?”

ஆசாரி கண் சிமிட்டவில்லை. “ஆப்புத் தழும்புங்க.”

மழை குடையில் தட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி மாமாவைப் பார்த்தார். மாமா கை கூப்பவில்லை. நனைந்துகொண்டு நின்றார்.

“தழும்புன்னே எழுதிக்கிறேன்” என்று சொல்லி அதிகாரி மூங்கிலைத் தூக்கினார்.

பிற்பகலில் ஊர் போய்ச் சேர்ந்தோம். கொட்டுகிற மழையில் ஆசாரி காடி வெட்டினார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் கால் நட்டு, பலகை இறக்கியாயிற்று. மூன்றாம் நாள் ஏரி நிரம்பி வழிந்தது. மதகு நின்றது. சம்பாவும் நின்றது. மாமா மட்டும் அறுப்பு முடிகிற வரை என்னோடு பேசவில்லை.

தை மாதம் அக்காள் வீட்டுக்குப் போகும்போது சவுக்கையில் அந்த அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் பாட்டுத் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே மூங்கிலுக்கு எங்கள் பக்கத்துச் சேற்றைக் காட்டினார். நடுவில், எழுத்து மேலே தெரிய, அது பதிந்து கிடந்தது.

“உள்ள கொண்டாந்தா வரி கட்டணுமே, அதான் அங்கியே போட்டுட்டேன்” என்றார். “நல்லா ஒதவுது தம்பி. எழுத்து இருக்கறதால காலு வழுக்கறதில்ல.”