கடைசிக் குஞ்சு பறந்த தேதி

கொச்சி மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், அரிசிக் கிட்டங்கியை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாகத் தேய்ப்பு வண்டி போட்டிருந்தான் இசக்கிராஜா. மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் வெள்ளை முண்டு தேய்க்க மாட்டான். மேலே நாற்பது கூடு வக்காக் கொக்கு. மழைக்காலம் முழுக்க எச்சம் கொட்டும். தென்காசியிலிருந்து வந்த புதிதில் அவன் பறவைகளைத் திட்டாத நாளில்லை. பிறகு எப்படியோ மனசு மாறிவிட்டது. வண்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினான். விழுந்த குஞ்சுக்கு மத்தியை நறுக்கி ஊட்டி, கிளையில் ஏற்றிவிடுவான். "வீட்டுக்கு வாங்குன மீனாக்கும் அது" என்று மனைவி ஆவுடையம்மாள் சிடுசிடுப்பாள். மறுநாள் இரண்டு மீனை ஒதுக்கியும் வைப்பாள்.

சாலையை அகலப்படுத்த மரம் போய்விடும் என்று பேச்சு வந்தபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் வனத்துறைக்குப் பறவைக் கணக்கெடுக்கும் ஸுப்ரியா வந்தாள். பாலக்காட்டுப் பெண், தமிழ் பேசினாள். அது போதாதா அவனுக்கு?

"குஞ்சு இருக்கற மரத்தை வெட்ட விடமாட்டா, சேட்டா. எந்தக் கூட்டில் எத்தனை, எப்போ பறக்கறதுன்னு எழுதி வெச்சுக்கோங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

காலண்டர் கட்டங்களில் எழுதினான். நிமிர்ந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. நவம்பர் பதினாலாம் தேதி கடைசிக் குஞ்சும் பறந்ததும், பெற்ற பிள்ளை பாஸானதுபோல் பூரித்து, காலண்டரைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு போனும் போட்டான்.

"எல்லாம் பறந்துட்டு, மேடம்."

"உங்க வார்த்தை போதும், சேட்டா."

பதினாறாம் தேதி காலை ரம்பத்தோடு லாரி வந்து நின்றது. குறுக்கே போனவனிடம் மேஸ்திரி ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினான். மரத்தில் குஞ்சில்லை, வெட்டலாம். கீழே ஸுப்ரியாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, ஆதாரமாக, அவனுடைய காலண்டர்.

அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டான். அவள் பதறவே இல்லை.

"ஒரு குஞ்சுகூட சாகலையே, சேட்டா! அதல்லவா நமக்கு வேண்டியது? பதிலுக்குப் பத்து கன்னு நடுவா."

"அடுத்த மழைக்கு அதுக எங்க போவும்?"

ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். அவன் கையாலேயே எழுத வைத்தாளே, பாவி, அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. மரம் போனபின் ஆறு மாதம் வெயிலில் நின்று தேய்த்தான். முண்டில் ஒரு பொட்டு எச்சம் விழவில்லை.

ஜூனில் திரும்பிய வக்காக்கள் வெற்று வானத்தில் இரண்டு நாள் சுற்றிவிட்டு, படகுத்துறைப் பக்கத்து மரத்தில் இறங்கின. இசக்கிராஜா வண்டியை அங்கேயே தள்ளிக்கொண்டு போனான்.

சாலை வேலை படகுத்துறை வரை நீண்டபோது, டிசம்பரில் ஸுப்ரியா போனில் கூப்பிட்டாள். "படகுத்துறை மரம் காலியாச்சோ, சேட்டா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கூடுகள் காலியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"இல்ல மேடம். நாலு குஞ்சு கெடக்கு."

"டிசம்பர்லயா?"

"கெடக்கு."

"சரி. உங்க வார்த்தை போதும்."

ஜனவரியிலும் கேட்டாள். அப்போதும் குஞ்சு இருந்தது.